நிறைவு என்னும் சொல்: ஜான் வெஸ்லியின் தூய்மைக் கோட்பாடும் மெதடிஸ்ட் மரபின் எதிர்காலமும்

முன்னுரை

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் திருச்சபைக்குள் ஒரு சீர்திருத்த இயக்கமாகத் தோன்றியது மெதடிசம். அது பின்னர்த் தனித் திருச்சபையாக வளர்ந்து உலகெங்கும் பரவியது. அவ்வியக்கத்தை நிறுவியோருள் முதன்மையானவர் ஜான் வெஸ்லி (1703–1791). மெதடிஸ்டுகளைக் கடவுள் எழுப்பியதன் நோக்கமே தூய்மையை நாடெங்கும் பரப்புவதுதான் என்று அவர் கருதினார். தம் இறுதிக் காலத்தில் எழுதிய கடிதமொன்றிலும் இக்கோட்பாட்டையே தம் மக்களிடம் ஒப்படைக்கப்பட்ட பெருஞ்செல்வமாகக் குறிப்பிட்டார். ஆயினும் அச்செல்வத்தின் பொருள் யாது என்பதில் அவர் வழிவந்தோர் ஒருமித்த கருத்துடையவராய் இருந்ததில்லை.

இக்கருத்து வேறுபாடு அண்மையில் மீண்டும் வெளிப்பட்டது. ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபையின் சிறப்புப் பொதுப்பேரவை 2019 பிப்ரவரியில் செயின்ட் லூயிஸ் நகரில் கூடியது. ஒருபாலினத்தவர் திருமணம், திருப்பணிக்கு அவர்களை ஏற்றல் ஆகியவற்றுக்கான தடைகளை அது 438 வாக்குகளுக்கு 384 என்ற அளவில் உறுதிசெய்தது. 2023 இறுதிக்குள் அமெரிக்காவில் 7,600க்கும் மேற்பட்ட சபைகள் அத்திருச்சபையை விட்டு விலகின. இது அந்நாட்டுச் சபைகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. விலகியோருள் பலர் 2022 மே மாதம் தொடங்கப்பட்ட உலகளாவிய மெதடிஸ்ட் திருச்சபையில் இணைந்தனர். எஞ்சிய திருச்சபை 2024இல் சார்லட் நகரில் கூடி அத்தடைகளை நீக்கியது. இரு தரப்பாரும் தம் நிலைப்பாட்டிற்கு வெஸ்லியையே சான்று காட்டினர் என்பது கருதத்தக்கது. ஒருவர் அவரது ஒழுங்கை எடுத்துரைக்க, மற்றவர் அவரது அன்பை எடுத்துரைத்தனர்.

இவ்விரு தரப்புகளுள் எது சரி என்று தீர்ப்பது இக்கட்டுரையின் பணியன்று. வெஸ்லி 1766இல் வெளியிட்ட ‘கிறிஸ்தவ நிறைவு பற்றிய எளிய விளக்கம்’ என்னும் நூலை ஒரு பனுவலாகக் கொண்டு, அதன் அமைப்பும் சொல்லாட்சியும் தூய்மையை எவ்வாறு வரையறுக்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தூய்மை என்பது ஒருவர் தாமே தம்மிடம் கண்டறியும் பண்பன்று. பிறர் கேட்கும் வினாவினால் விளங்கி வளர்வது. நூலின் உள்ளமைப்பு உணர்த்தும் கருத்து இதுவே. அவ்வினாவைக் கேட்போரை இழந்த இடங்களிலெல்லாம் மெதடிஸ்ட் மரபு தளர்ந்தது என்பதும், அதன் எதிர்காலமும் இதனையே சார்ந்துள்ளது என்பதும் இக்கட்டுரை முன்வைக்கும் முடிபுகளாகும்.

நூலின் அமைப்பு

தலைப்பில் எளிய விளக்கம் என்று இருப்பினும், நூலமைப்பு எளியதன்று. 1725 முதல் 1765 வரை தாம் நம்பியதையும் கற்பித்ததையும் வெஸ்லி இதில் கால வரிசையில் தொகுத்துரைக்கிறார். 1725இல் ஜெரமி டெய்லரின் நூலையும், மறு ஆண்டில் தாமஸ் கெம்பிசின் நூலையும், பின்னர் வில்லியம் லாவின் நூல்களையும் தாம் கற்றதிலிருந்து தொடங்குகிறார். 1733 புத்தாண்டு நாளில் ஆக்ஸ்போர்டில் நிகழ்த்திய மறையுரை, 1742இல் வெளியான ‘மெதடிஸ்டின் இயல்பு’ என்னும் சிறுநூல், தமையனும் தம்பியும் வெளியிட்ட பாடல் தொகுப்புகளின் முன்னுரைகள் ஆகியன அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. பழைய பகுதிகளை எடுத்தெழுதி, அன்றும் இதனையே கூறினேன், இன்றும் இதனையே கூறுகிறேன் என்று நிறுவுவது நூலாசிரியரின் உத்தி.

இவ்வகையில் நோக்கினால் இந்நூல் ஒரு தன்வரலாறாகவும், தொகை நூலாகவும், வழக்குரையாகவும் ஒருங்கே அமைந்துள்ளது எனலாம். வழக்குரை என்பதற்குக் காரணம் உண்டு. நிறைவு பற்றி வெஸ்லி பேசுவதைப் பலர் எதிர்த்தனர். 1740ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் பேராயர் எட்மண்ட் கிப்சன் அவரிடம் இச்சொல்லால் அவர் கருதுவது யாது என வினவினார். விளக்கத்தைக் கேட்டபின், அதுவே கருத்தாயின் உலகறிய வெளியிடலாம் என்று இசைவு தந்தார். அந்த உரையாடலின் விளைவாக எழுந்ததே நிறைவு குறித்த 1741ஆம் ஆண்டு மறையுரை. கோட்பாட்டின் முதல் முழு விளக்கமே பிறரொருவர் கேட்ட வினாவுக்கு விடையாகப் பிறந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

நூலின் பெரும்பகுதி வினா விடை வடிவில் அமைந்துள்ளது. 1744 முதல் நடந்த மெதடிஸ்ட் போதகர் மாநாடுகளின் நடவடிக்கைக் குறிப்புகளும், 1759ஆம் ஆண்டு எழுதப்பட்ட சிந்தனைகளும் இவ்வடிவிலேயே தரப்படுகின்றன. நிறைவு பெற்றவர் தவறு செய்வாரா, அதனை இழக்கக்கூடுமா, பெற்றதை எவ்வாறு அறிவது என்றாற்போல வினாக்கள் அடுக்கப்படுகின்றன. இடையே 1762இல் மறைந்த ஜேன் கூப்பர் என்னும் இளம்பெண்ணின் எழுத்தும் அவரது இறுதி நாள்கள் பற்றிய குறிப்பும் இடம்பெறுகின்றன. கல்வியாளர் ஒருவர் எழுதிய இறையியல் நூலில் பொதுநிலைப் பெண்ணொருவரின் சொல் சான்றாதாரமாக நிற்பது அக்காலத்தில் அரிது. தனிக்குரலில் ஒலிப்பதுபோல் தோன்றும் இந்நூல் உண்மையில் பல குரல்களால் ஆனது.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. பெருநிறைவைப் பற்றி நூறு பக்கத்திற்கு மேல் பேசும் ஆசிரியர், அந்நிறைவைத் தாம் பெற்றுவிட்டதாக ஓரிடத்திலும் கூறவில்லை. பிறருடைய வாழ்வையே எடுத்துக்காட்டுகிறார். நிறைவைத் தன்கூற்றாக அன்றிப் பிறர்கூற்றாகவே சுட்டும் இப்போக்கு, பணிவின் விளைவு மட்டுமன்று. நிறைவு எத்தகையது என்பது பற்றிய கருத்தே அதில் அடங்கியுள்ளது.

சொல்லும் பொருளும்

வெஸ்லி நிறைவு என்னும் சொல்லைத் தாமாகத் தேர்ந்தெடுக்கவில்லை. விவிலியத்தில் இருப்பதால் அதனைக் கைவிடவியலாது என்றே வாதிட்டார். புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் உள்ள ‘டெலையோஸ்’ என்னும் சொல் தன் இலக்கை எய்தியது, முதிர்ந்தது என்னும் பொருளது. அதன் இலத்தீன் வழி ஆங்கிலச் சொல்லோ செய்து முடிக்கப்பட்டது, இனிச் சேர்க்க ஒன்றுமில்லாதது என்ற பொருளை முதன்மையாக உணர்த்தும். கிரேக்கத்தின் பொருளை ஆங்கிலச் சொல்லால் உரைக்க நேர்ந்ததே வெஸ்லியின் இடர்ப்பாட்டிற்கு வேர் எனலாம். எனவேதான் அவர் நூல் நெடுகிலும் விலக்குகளை அடுக்குகிறார். நிறைவு பெற்றவர் அறியாமையினின்று நீங்கியவரல்லர், பிழையினின்று நீங்கியவரல்லர், நோய், மறதி, சோதனை ஆகியவற்றினின்றும் நீங்கியவரல்லர். பாவமற்ற நிறைவு என்னும் தொடரைத் தாம் ஆள்வதில்லை என்றும் கூறுகிறார்.

விலக்கியவை இவையாயின், உடன்பாடாக அவர் கூறுவது ஒன்றே: கடவுளிடத்தும் அயலாரிடத்தும் கொள்ளும் அன்பு உள்ளத்தை நிரப்புதல். அன்பு நிரம்பும்போது அதற்கு மாறானவை வெளியேறுகின்றன. அவ்வன்பு மேலும் மேலும் வளரக்கூடியது. வளர்ச்சிக்கு இடமுள்ள நிறைவு என்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் முடிந்துபோதல் என்னும் பொருளை விடுத்து நிரம்புதல் என்னும் பொருளைக் கொண்டால் அம்முரண் நீங்கும்.

சொல்லின் எல்லை எங்கே என்பதில் தமையனும் தம்பியும் வேறுபட்டனர். சார்லஸ் வெஸ்லி (1707–1788) 1747இல் வெளியிட்ட புகழ்பெற்ற தெய்வீக அன்புப் பாடலின் இரண்டாம் பத்தி, பாவஞ்செய்யும் ஆற்றலையே களையுமாறு வேண்டுகிறது. வெஸ்லியின் நெருங்கிய தோழரான ஜான் பிளெட்சர் இவ்வேண்டுதலை மிகையெனக் கருதினார். 1780ஆம் ஆண்டுப் பெருந்தொகுப்பில் ஜான் வெஸ்லி அப்பத்தியை விட்டுவிட்டார். பாவஞ்செய்யும் ஆற்றலே இல்லையெனில் அன்பு செய்யும் உரிமைக்கும் இடமில்லை என்பது இத்திருத்தத்தின் உட்கிடை எனக் கொள்ளலாம். கவிஞரின் வேட்கை ஒருபுறமும் பதிப்பாசிரியரின் எச்சரிக்கை மறுபுறமும் நிற்கின்றன. ஒரு பத்தியை நீக்கியதில் ஒரு கோட்பாட்டின் எல்லை வரையப்படுகிறது. பிற்காலத்தில் சார்லஸ் நிறைவின் தரத்தை மிக உயர்த்தி அதனை இறப்பின் வாயிலில் வைக்க, ஜான் அதனை இவ்வாழ்விலேயே எதிர்பார்க்கத்தக்கதாகக் கொண்டார்.

வரையறையின் குறையும் அதன் மாற்றும்

இந்நூலின் மிகவும் விவாதத்திற்குரிய பகுதி பாவத்தின் வரையறையாகும். முறையாகப் பாவம் எனப்படுவது, அறிந்த கட்டளையை மனமறிந்து மீறுதல் என்பது வெஸ்லியின் கருத்து. அறியாது செய்த மீறுதலுக்கும் கிறிஸ்துவின் மீட்பு தேவை என்று அவர் சேர்த்துரைத்தாலும், அதனைப் பாவம் என்னும் பெயரால் அழைக்கத் தயங்குகிறார். நிறைவு இவ்வாழ்வில் இயலும் என்று நிறுவுவதற்கு இவ்வரையறை அவருக்கு இன்றியமையாதது.

திறனாய்வு நோக்கில் இவ்வரையறை பெருங்குறையுடையது. மனிதர் தாம் செய்யும் கொடுமைகளுள் பலவற்றைக் கொடுமையென அறியாமலே செய்கின்றனர். வழக்கமும் சட்டமும் ஆதாயமும் அவ்வறியாமையைக் காக்கின்றன. அறிந்த பாவம் மட்டுமே பாவமெனில், அடிமைகளை உடைமையாகக் கொண்ட ஒருவர், அது தீதென்று உணராத வரையில், தூய உள்ளத்தினராகத் தம்மைக் கருதிக்கொள்ள இவ்வரையறை இடந்தரும். அமெரிக்க மெதடிசத்தின் வரலாற்றில் இந்நிலை உண்மையாகவே நேர்ந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

எனினும் வெஸ்லியின் எழுத்துகளுக்குள்ளேயே இக்குறைக்கான மாற்றும் உள்ளது. 1774இல் அவர் வெளியிட்ட ‘அடிமைமுறை பற்றிய சிந்தனைகள்’ என்னும் சிறுநூல், அமெரிக்கக் குவேக்கரான ஆண்டனி பெனசெட்டின் எழுத்துகளைப் பெரிதும் தழுவியது. ஆப்பிரிக்க நாடுகளின் வாழ்க்கையையும் அடிமைக் கப்பல்களின் கொடுமையையும் விரித்துரைத்தபின், இறுதிப் பகுதியில் கப்பல் தலைவர்களையும் வணிகர்களையும் தோட்ட உரிமையாளர்களையும் முன்னிலைப்படுத்தி நேரே வினவுகிறார். இந்நூலைப் படித்த ஒருவர் இனி அறியேன் என்று சொல்லவியலாது. அறியாமையை அறிவாக மாற்றுவதே அப்பனுவலின் செயல். 1766ஆம் ஆண்டு நூல் வரையறையில் விட்ட இடைவெளியை 1774ஆம் ஆண்டு நூல் வினாவால் நிரப்புகிறது. 1791 பிப்ரவரி 24 அன்று, இறப்பதற்குச் சில நாள்களே முன்னர், அடிமை வணிகத்தை எதிர்த்துப் போராடிய வில்லியம் வில்பர்போர்சுக்கு அவர் எழுதிய கடிதமும் இப்பணியின் தொடர்ச்சியே.

இக்கருத்தை வலியுறுத்தும் பகுதி ‘எளிய விளக்கம்’ நூலிலும் உண்டு. 1762–63 காலப்பகுதியில் லண்டனில் தாமஸ் மேக்ஸ்பீல்டு, ஜார்ஜ் பெல் ஆகியோர் தலைமையில் நிறைவு பெற்றதாகக் கூறிக்கொண்ட ஒரு குழு எழுந்தது. தம்மை விடக் குறைந்த நிலையினர் தமக்குக் கற்பிக்கவியலாது என்று அவர்கள் கருதினர். 1763 பிப்ரவரி 28 அன்று உலகம் முடியும் என்று பெல் முன்னறிவித்தார். அந்நாள் வழக்கம்போல் கழிந்தது. இதனையடுத்து வெஸ்லி தந்த அறிவுரைகளுள் முதலாவது செருக்கைப் பற்றியது. கடவுளே கற்பித்துவிட்டதால் மனிதர் கற்பிக்க வேண்டுவதில்லை என எண்ணலாகாது என்றும், கடிந்துரைப்பவரைக் குருடரென ஒதுக்கலாகாது என்றும் அவர் எச்சரிக்கிறார். நிறைவின் அடையாளம் வினாவுக்கு அப்பாற்பட்டு நிற்பதன்று; வினாவை ஏற்கும் தகுதியே என்பது இதனால் பெறப்படும்.

சொல்லை வாழ்வித்த அமைப்பு

நூலிலுள்ள வினா விடை வடிவம் வெறும் உத்தியன்று. அன்றைய மெதடிஸ்டுகளின் வாரவாழ்வின் வடிவம் அது. 1742இல் பிரிஸ்டல் நகரில் கட்டடக் கடனை அடைப்பதற்காக ஒவ்வொருவரிடமும் வாரம் ஒரு பென்னி திரட்டும் ஏற்பாடு தோன்றியது. ஏறத்தாழப் பன்னிருவருக்கு ஒரு தலைவர் என அமைத்து, அவர் வீடுதோறும் சென்று காசு பெறுவார். அவ்வாறு சென்றவர்கள் மக்களின் வாழ்க்கை நிலையையும் அறிந்துவந்தனர். இதன் பயனை உணர்ந்த வெஸ்லி அதனை ஆன்ம நலம் விசாரிக்கும் வாரக் கூட்டமாக மாற்றினார். ‘கிளாஸ்’ எனப்பட்ட இச்சிறு குழுவே மெதடிசத்தின் அடித்தளமாயிற்று. தீங்கு செய்யாமை, நன்மை செய்தல், இறைவழிபாட்டு ஒழுங்குகளைக் கடைப்பிடித்தல் என்னும் மூன்று பொதுவிதிகள் 1743இல் வகுக்கப்பட்டன. பெண்கள் பலர் குழுத்தலைவராயினர். நெசவாளரும் சுரங்கத் தொழிலாளரும் வீட்டுப் பணியாளரும் தம் வாழ்வைச் சொல்லால் எடுத்துரைக்கவும் பிறர் வினாவை எதிர்கொள்ளவும் பழகிய இடம் இது.

இவ்வமைப்பைக் குறைகூறுவோரும் உளர். ஆங்கிலத் தொழிலாளர் வகுப்பின் உருவாக்கத்தை ஆராய்ந்த வரலாற்றறிஞர் ஈ. பி. தாம்சன், 1963இல் வெளிவந்த தம் நூலில், மெதடிசம் தொழிலாளரின் உள்ளத்தை ஆலை ஒழுங்கிற்கு ஏற்பப் பழக்கியது என்று கடுமையாகச் சாடினார். இதில் உண்மையில்லாமலில்லை. மூன்று மாதத்திற்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்ட உறுப்பினர் சீட்டை மறுக்கும் அதிகாரம் போதகரிடம் இருந்தது. வினவும் உரிமை ஒருவரிடம் மட்டும் குவியும்போது விசாரிப்பு கண்காணிப்பாக மாறும். ஆனால் இதே குழுக்களில் பேசப் பழகியவர்கள் பிற்காலத்தில் தொழிற்சங்க மேடைகளிலும் பேசினர். எனவே குறை வினவுதலில் இல்லை. வினா ஒருவழிப்பட்டதாக ஆவதிலேயே உள்ளது எனலாம்.

‘சமூகத் தூய்மை’ என்னும் தொடர்

வெஸ்லியின் பெயரால் மிகுதியாக எடுத்தாளப்படும் தொடர்களுள் ‘சமூகத் தூய்மை’ ஒன்று. இன்றைய எழுத்தாளர் பலர் இதனைச் சமூக நீதி என்னும் பொருளில் ஆள்கின்றனர். இத்தொடர் 1739ஆம் ஆண்டுப் பாடல் தொகுப்பின் முன்னுரையில் வருகிறது. அங்கு வெஸ்லி எதிர்ப்பது, உலகை விட்டொதுங்கித் தனிமையில் கடவுளைத் தேட வேண்டும் என்ற மறைஞானியரின் போக்கை. பிறரோடு கூடி வாழ்ந்தே தூய்மையில் வளரவியலும் என்பதே அவ்விடத்துப் பொருள். இடமறியாது தொடரை மட்டும் எடுத்தாள்வது பனுவலுக்கு நீதி செய்வதாகாது.

இதனைச் சுட்டிக்காட்டி, வெஸ்லிக்குச் சமூக அக்கறை இல்லை என்று மறுகோடிக்குச் செல்வதும் பொருந்தாது. கூடி வாழ்தலும் கொடுமையை எதிர்த்தலும் அவரிடம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. சிறு குழுவில் அண்டையிலிருப்பவர் கேட்கும் வினாவையே அடிமை நூல் கடல் கடந்தவரின் சார்பாகக் கேட்கிறது. குழு சிறிதாயினும் உலகு பெரிதாயினும் அறியாததை அறியச்செய்யும் செயல் ஒன்றே.

பிளவுகளின் வரலாறு

வெஸ்லிக்குப் பிந்திய அமெரிக்க வரலாறு இக்கருத்திற்கு எதிர்மறைச் சான்றாகிறது. 1784இல் பால்டிமோரில் அமைந்த மெதடிஸ்ட் எபிஸ்கோபல் திருச்சபை, உறுப்பினர் தம் அடிமைகளை விடுவிக்க வேண்டுமென விதித்தது. அடுத்த ஆண்டே அவ்விதியை நிறுத்திவைத்தது. பிலடெல்பியாவில் வழிபாட்டிலும் கருப்பினத்தவர் ஒதுக்கப்பட்டதால், ரிச்சர்டு ஆலன் தலைமையில் 1816இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் திருச்சபை தனித்தெழுந்தது. அடிமைமுறைக்கு எதிராகப் பேசவிடாமல் தடுக்கப்பட்டதால் ஆரஞ்சு ஸ்காட் முதலியோர் 1843இல் வெஸ்லியன் மெதடிஸ்ட் அமைப்பைத் தோற்றுவித்தனர். மறு ஆண்டில் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த பேராயர் ஜேம்ஸ் ஆண்ட்ரூ குறித்த விவாதத்தால் திருச்சபை வடக்கு, தெற்கு எனப் பிளந்தது. கோயில் இருக்கைகளைச் செல்வர்க்கு வாடகைக்கு விடுவதையும் அடிமைமுறையையும் எதிர்த்தோர் 1860இல் சுதந்திர மெதடிஸ்ட் திருச்சபையை நிறுவினர்.

இப்பிளவுகளை வரிசைப்படுத்தி நோக்கினால் ஒரு பொதுத்தன்மை புலனாகிறது. சங்கடமான வினாவைக் கேட்டவர்கள் வெளியேறினர் அல்லது வெளியேற்றப்பட்டனர். எஞ்சிய திருச்சபையில் அமைதி நிலவியது. ஆனால் வினா மறைந்தது. 1939இல் வடக்கும் தெற்கும் மீண்டும் இணைந்தபோது கருப்பினச் சபைகள் தனி ஆட்சிப்பகுதியாக ஒதுக்கப்பட்டன என்பதும், 1968இல் ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபை உருவாகும் வரை அந்நிலை நீடித்தது என்பதும் இம்மறைவின் விலையைக் காட்டுகின்றன.

இதே காலத்தில் நிறைவு என்னும் சொல்லும் மாற்றமடைந்தது. நியூயார்க் நகரின் ஃபீபி பாமர் (1807–1874) தம் இல்லத்தில் நடத்திய செவ்வாய்க்கிழமைக் கூட்டங்களாலும், 1843இல் வெளியிட்ட ‘தூய்மையின் வழி’ என்னும் நூலாலும் பெருஞ்செல்வாக்குப் பெற்றார். தன்னை முழுதும் அர்ப்பணித்தல், வாக்குறுதியை நம்புதல், பெற்றதைச் சான்றுபகர்தல் என்னும் படிகளால் தூய்மையை உடனே பெறலாம் என அவர் கற்பித்தார். நீண்ட எதிர்பார்ப்பில் தளர்ந்தோருக்கு இது ஆறுதலாயிற்று. பெண்கள் மேடையேறிப் பேசவும் இது வழிதிறந்தது. நியூயார்க்கின் வறியோர் வாழ்ந்த ஐம்முனைப் பகுதியில் அறப்பணி தொடங்கவும் பாமர் காரணமானார். ஆயினும் அடிமைமுறைச் சர்ச்சையினின்று அவர் ஒதுங்கியே நின்றார். வெஸ்லி பிறர்கூற்றாக வைத்த நிறைவு இங்குத் தன்கூற்றாக மாறியது. பெற்றேன் என்று சொல்வதே பெற்றதன் சான்றாயிற்று. வினா விடை வடிவம் சான்றுரை வடிவமாயிற்று.

1867இல் வைன்லாந்தில் தொடங்கிய தேசியத் தூய்மை முகாம்களும், 1908இல் ஒன்றிணைந்த நசரேய திருச்சபையும், ஒருவகையில் பெந்தெகொஸ்தே இயக்கமும் இவ்வழியில் கிளைத்தவை. மறுபுறம் பெருந்திருச்சபைகளில் தூய்மை என்னும் சொல் அருகி, கல்வி, மருத்துவம், சீர்திருத்தம் ஆகிய பணிகள் முதன்மை பெற்றன. ஒருபுறம் அகமும் மறுபுறம் புறமும் எனப் பங்கிடப்பட்டபின், அவ்விரண்டையும் இணைத்த வாரக் குழுக்கள் தளர்ந்து வழக்கொழிந்தன.

தமிழில் இச்சொல்

மெதடிஸ்ட் மரபிற்குத் தமிழோடு நேரிய தொடர்பு உண்டு. தாமஸ் கோக் திரட்டி அழைத்துவந்த மறைப்பணியாளர், அவர் கடற்பயணத்திலேயே இறந்தபின், 1814 ஜூனில் இலங்கையை அடைந்தனர். 1817இல் ஜேம்ஸ் லிஞ்ச் சென்னைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பீட்டர் பெர்சிவல் விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தபோது அவருக்குத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர் என்பது தமிழுலகம் அறிந்தது. அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளியானது. வெஸ்லியின் வழிவந்தவரும் சைவத்தின் காவலரும் ஒரு மேசையில் அமர்ந்து சொல்லுக்குச் சொல் ஆராய்ந்தது, வினவிக் கற்கும் முறைக்கு அரியதோர் எடுத்துக்காட்டு.

தமிழ்க் கிறித்தவ வழக்கில் தூய்மையைக் குறிக்கும் ‘பரிசுத்தம்’ என்னும் சொல் முற்றும் அழுக்கின்மையை உணர்த்துவது. எனவே எதிர்மறைச் சாயலுடையது. நிறைவைக் குறிக்கச் சீர்திருத்தச் சபையார் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு மத்தேயு நற்செய்தியில் ‘பூரண சற்குணர்’ என்று கூறுகிறது. இது நற்குணங்களை முழுமையாக உடைமையாக்கிக்கொண்டவர் என்னும் பொருள் தருவது. 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்போ ‘நிறைவுள்ளவர்’ என்கிறது. நிறைதல் என்னும் தமிழ் வினை முடிவையும் நிரம்புதலையும் ஒருங்கே சுட்டவல்லது. வெஸ்லி ஆங்கிலத்தில் பல பக்கங்களில் விலக்குகளை அடுக்கி நிறுவ முயன்ற பொருளைத் தமிழ் ஒரு வினையடியிலேயே தன்னகத்துக் கொண்டுள்ளது. ஏரி நிறைந்தபின்னரே கலிங்கு வழியாக நீர் அடுத்த ஏரிக்குச் செல்கிறது. நிறைவு என்பது தேக்கமன்று. அயலார்க்குப் பாயும் நிலை.

திருக்குறளின் சான்றாண்மை அதிகாரமும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. சால்பு என்பதும் நிறைதல் பொருளதே. அதனைத் தாங்கும் ஐந்து தூண்களுள் முதலாவதாக அன்பையும், அடுத்து நாண், ஒப்புரவு, கண்ணோட்டம், வாய்மை ஆகியவற்றையும் வள்ளுவர் வைக்கிறார். இவையனைத்தும் பிறரை நோக்கிய பண்புகள் என்பது குறிப்பிடத்தக்கது. வெஸ்லியின் நிறைவு இறையருளால் வருவது. வள்ளுவரின் சால்பு ஒழுக்கத்தால் வருவது. இவ்வேறுபாட்டை மறைக்கலாகாது. ஆயினும் நிறைந்த மனிதர் தனித்து விளங்குவதில்லை என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, பிரித்தானிய வழிவந்த தென்னிந்திய மெதடிஸ்ட் சபைகள் ஆங்கிலிக்க, பிரெஸ்பிட்டேரிய, காங்கிரிகேஷனல் சபைகளோடு இணைந்து தம் தனிப்பெயரை இழந்தன. பெயரை இழந்து பிறரோடு கூடுதலும் இம்மரபின் எதிர்காலத்திற்கு ஒரு வழி என்பதை இது உணர்த்துகிறது. 2019க்குப் பின் அமெரிக்காவில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது.

மரபின் எதிர்காலம்

இன்றைய பிளவிற்குப்பின் இரு தரப்பிலும் ஒத்த கருத்துடையோரே பெரும்பான்மையாக எஞ்சியுள்ளனர். நெடுங்காலச் சர்ச்சையால் களைத்தவர்களுக்கு இது நிம்மதி தருவது இயல்பே. சேர்ந்திருத்தல் எப்போதும் நன்று என்றும் கூறவியலாது. ஆலனும் ஸ்காட்டும் பிரிந்தது அவர்களுக்கு வேறு வழியில்லாமையால். ஆனால் பிரிவு நேர்ந்தபின் இரு தரப்பும் எதனை இழந்தன என்று கணக்கிடுதல் வேண்டும். ஒழுங்கை வலியுறுத்தும் சபைக்கு, உன் ஒழுங்கு யாரைப் புண்படுத்துகிறது என்று கேட்பவர் வேண்டும். அன்பை வலியுறுத்தும் சபைக்கு, உன் அன்பு உன்னை எவ்வகையில் மாற்றியது என்று கேட்பவர் வேண்டும். இவ்விரு வினாக்களும் வெஸ்லியின் நூலில் அடுத்தடுத்து நிற்பவை. இன்று அவை வெவ்வேறு கூரைகளின் கீழ்ச் சென்றுவிட்டன.

மேற்கில் மெதடிசம் எண்ணிக்கையில் குறைந்துவர, ஆப்பிரிக்காவில் அது வளர்ந்துள்ளது. எனவே அடுத்த தலைமுறையில் வினவும் இடத்தில் இருப்போர் மாறக்கூடும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கரின் சார்பாக ஓர் ஆங்கிலேயர் வினவினார். இன்று ஆப்பிரிக்கச் சபைகள் தம் குரலிலேயே மேற்கை வினவுகின்றன. மேற்கும் அவற்றை வினவுகிறது. பணமும் நிறுவன வலிமையும் ஒருபுறமும் மக்கள்தொகை மறுபுறமும் இருக்கும்போது அவ்வினா இருவழிப்பட்டதாக அமையுமா, அன்றி ஒவ்வொரு தரப்பும் மற்றதைத் தன் வழக்கிற்குச் சாட்சியாக மட்டும் பயன்படுத்துமா என்பதே மரபின் முன்னுள்ள சோதனை.

முடிவுரை

‘எளிய விளக்கம்’ நூல் நிறைவுக்கு ஒரு வரையறையைத் தருவதாகவே பெரும்பாலும் படிக்கப்பட்டுள்ளது. அவ்வரையறை குறையுடையது என்பதையும், அறியாப் பாவத்திற்கு அது போதிய விடை தரவில்லை என்பதையும் மேலே கண்டோம். ஆயின் நூலின் வலிமை வரையறையில் இல்லை. அதன் வினா விடை நடையிலும், பிறர் குரலுக்கு இடமளிக்கும் தொகுப்பு முறையிலும், தனக்கென உரிமை பாராட்டாத கூற்று முறையிலும் உள்ளது. வரையறையை மட்டும் எடுத்துக்கொண்டோர் தூய்மையைத் தம் உடைமையாக்கினர். நடையையும் சேர்த்து எடுத்துக்கொண்டோர் அதனைப் பிறரோடு நடக்கும் வழியாகக் கொண்டனர்.

வெஸ்லியின் மரபு நிலைபெறுமா என்னும் வினாவிற்குச் சபைகளின் எண்ணிக்கையோ பேரவை வாக்குகளோ விடையாகா. ஏறத்தாழப் பன்னிருவர் வாரந்தோறும் கூடி, ஒருவரையொருவர் அச்சமின்றி வினவவும், அவ்வினாவால் தம்மைத் திருத்திக்கொள்ளவும் இசையும் இடங்கள் எத்தனை எஞ்சியுள்ளன என்பதே விடையைத் தரும். அத்தகைய இடங்கள் உள்ளவரை, பெயர் மாறினும் அம்மரபு உயிருடன் இருக்கும். அவை இல்லாதவிடத்துப் பெயர் நிலைத்தும் பயனில்லை.